ரேணுகாம்பாள் துண்டித்த அழைப்பு

வீட்டுக் கணினிக்கு வைரஸ் வருவது பெரும்பாலும் வீட்டுக்காரர்களின் நல்ல மனசால்தான். யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைத் திறப்பார்கள்; பரிசு விழுந்திருக்கிறது என்றால் நம்புவார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நான், இதற்காக யாரையும் கடிந்துகொண்டதில்லை மேடம். பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன்.

ரேணுகாம்பாளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். பட்டுப் புடவைக் கரைக்கு அன்னமும் யாளியும் கணினியில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பார். ஒரே மகள் சந்தியா, கல்யாணமாகிப் புனேயில் இருந்தாள்.

போன ஆடியில் ஒரு பகல், அழுதுகொண்டே என் கடைக்கு ஓடிவந்தார். போலீஸ் என்று ஒருவன் போனில் பேசியிருக்கிறான். சந்தியாவைக் கைது செய்துவிட்டதாகச் சொல்லி, அவள் குரலிலேயே அழுகையையும் கேட்க வைத்திருக்கிறான். நான் என் போனிலிருந்து சந்தியாவை அழைத்தேன். அவள் அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன் குரு?" என்று ரேணுகாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றே அவர் கணினியில் வைரஸ் தடுப்பு போட்டேன். கடையில் இருந்தபடியே அவர் திரையைப் பார்க்கவும் இயக்கவும் ஒரு மென்பொருளையும் சேர்த்துப் போட்டேன். பாதுகாப்புக்கு என்றேன், சரி என்றார். தெரியாத எண்ணை எடுக்காதீர்கள், தெரிந்த குரலையும் நம்பாதீர்கள், எதற்கும் முதலில் என்னைக் கேளுங்கள் என்றேன். தவறான அறிவுரை இல்லை.

சில வாரம் தினமும் கூப்பிட்டார். போனால், "சாப்ட்டியாப்பா?" என்பார். என் வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. பிறகு பயம் தெளிந்துவிட்டது. கூப்பிடுவதும் நின்றுபோனது. தெருவில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான்.

அதனால் ஒரு நாள், கடையிலிருந்தே அவர் திரையைச் சிவப்பாக்கினேன். உங்கள் படங்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன என்று அதில் எழுதினேன்.

உடனே போன் வந்தது. "குரு, எல்லாம் செவப்பா வந்துக்கினு இருக்குதுபா. நான் எதையும் தொடல."

போய்ச் சரிசெய்தேன். அவர் பக்கத்திலேயே நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினேன். அதன்பின் பலமுறை இதையே செய்தேன்.

தை மாதம் சந்தியா கர்ப்பமானாள். அம்மாவைப் புனேக்கே அழைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"வூட்டப் பூட்டிட்டு வரச் சொல்றது நெசமாவே சந்தியாதானான்னு பாருங்கம்மா. நம்பரக்கூட போலியா காட்டுவானுங்க" என்றேன்.

அதிலிருந்து மகள் கூப்பிட்டால் முதலில் குறுக்குக் கேள்வி கேட்டுச் சோதித்தார் ரேணுகாம்பாள். அவளுக்கு வருத்தம். பேச்சு குறைந்தது.

பங்குனியில் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து மருமகன் அழைத்திருக்கிறார். சந்தியாவுக்கு ரத்தப்போக்கு, நிலைமை மோசம், உடனே கிளம்புங்கள் என்றிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்தபடி ரேணுகாம்பாள் துண்டித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ள குரல்தான்பா. அழுவுறாரு. சந்தியாவுக்குப் போட்டா எடுக்கல. நெசமா இருக்குமோ?"

"போன தடவையும் இப்படித்தானே அழுதாங்க?" என்றேன். அந்த எண்ணும் மருமகன் எண்ணும் மறுபடி வராதபடி தடுக்கவும் போனிலேயே வழி சொன்னேன்.

மறுநாள் சந்தியா இறந்துபோனாள். உறவுக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்று சொன்ன பிறகுதான் ரேணுகாம்பாளுக்குத் தெரிந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "குரு நல்லதுக்குத்தான் சொன்னான். புள்ள வூட்டு அழுகைய அடையாளம் தெரியாத பாவி நான்தான்" என்றார். நான் அங்கேதான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிர முடியவில்லை.

மோசடி அழைப்பு என்று நினைத்துவிட்டேன் என உங்கள் ஏட்டிடம் சொன்னது பொய். போனில் சொன்னால் அவர் நம்பமாட்டார் என்று மருமகன் முதலில் அவருக்கு மின்னஞ்சல்தான் அனுப்பியிருந்தார். மருத்துவமனைப் பெயர் இருந்தது. மூக்கில் குழாயோடு சந்தியாவின் படமும் இருந்தது. அம்மாவையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தார். என் கடையில் உட்கார்ந்து அவர் திரையைத் திறந்து, ரேணுகாம்பாளுக்கு முன்பே அதைப் படித்தேன். புனே போனால் அவர் திரும்பி வரமாட்டார் என்று தோன்றியது. அழித்தேன். அதன்பிறகுதான் அவர் போன் வந்தது.

செய்தது நான்தான் மேடம். எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். என்னை உள்ளே வைத்துவிட்டால் அவர் இனி யாரை நம்புவார் என்பது ஒன்றுதான் என் கவலை.