மிஷன் வீட்டுப் பின்கதவு

பின்னேரம் ஆறு மணி. அதற்குள் நல்ல இருட்டு. சஸ்கச்சுவான் மாகாணத்தில் தார் போடாத ஒரு கிறவல் றோட்டு... வளைவு இல்லை, மேடு இல்லை, ஒரு மரம்கூட இல்லை. இரண்டு பக்கமும் வெட்டி முடிந்த கோதுமை வயல், அதற்குமேல் ஸ்னோ. அந்த றோட்டில் ஒரேயொரு கார் போய்க்கொண்டிருந்தது.

இப்படித்தான் சந்திரவதனா தொடங்கினாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஜனவரி, ரொறன்ரோ முழுவதும் ஸ்னோவில் புதைந்து பஸ் எல்லாம் நின்றுபோன கிழமை. டோர்செட் பார்க்கில் அவளுடைய வீட்டுக்குப் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் திரும்பிப் போக வழியில்லாமல், ஹோலில் பாய் விரித்துப் போர்வைகளுக்குள் ஒடுங்கியிருந்தார்கள். யாரோ லைற்றை நூர்த்து ஹோலை இருட்டாக்கிவிட்டார்கள். இது தன் சிநேகிதி அன்ரனெற்றின் தங்கச்சிக்கு நடந்தது என்றும், பொய் என்று நினைப்பவர்கள் பிறம்ரனுக்கு ரெலிபோன் எடுத்து அன்ரனெற்றிடமே கேட்கலாம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

காரில் இருந்தது மூன்று பேர். எட்வேட், புதிதாகக் குருப்பட்டம் பெற்ற இளம் போதகர். அவருடைய மனைவி கிளடிஸ், அவள்தான் அன்ரனெற்றின் தங்கச்சி. பின் சீற்றில் நித்திரையாகிப்போன மகள் றோசலின், நாலு வயது. தொண்ணூற்றிநாலு நவம்பர் அது. எட்வேட் இரவில் பக்ரறியில் வேலை செய்து பகலில் இறையியல் படித்தவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுசன். படிப்பு முடிந்ததும் சபை அவரை அனுப்பிய இடம் இது. இரண்டு வருசமாகப் போதகர் இல்லாத ஒரு சின்ன ஊர். ஊரின் பெயரை மட்டும் சொல்லவேண்டாம் என்று கிளடிஸ் கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு முதலில் விருப்பமில்லை. ஆனால் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் கரப்பான் பூச்சியோடும் பழுதான லிப்ற்றோடும் இருந்தவளுக்கு, மாடிப்படி வைத்த ஒரு முழு வீடு கிடைத்தது. கோயிலுக்கு அருகில், போதகர் குடியிருக்கிற வெள்ளை நிற மிஷன் வீடு. நடுவில் ஒரு முற்றம்தான். வந்த கிழமையே சனம் அப்பிள் பையோடும் மான் இறைச்சியோடும் வந்தது. றோசலினுக்குச் சப்பாத்தும் கம்பளித் தொப்பியும் கொண்டுவந்தார்கள். இரவில் காரின் எஞ்சினுக்கு எப்படிக் கரண்ட் கொடுத்துச் சூடாக வைத்திருப்பது என்று ஒரு கிழவர் காட்டிக்கொடுத்தார். கோயில் விருந்துக்குக் கிளடிஸ் தூள் போட்டு ஒரு கோழிக்கறி வைத்தாள். கோதுமை விதைக்கிற கமக்காரர்கள் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் தரமும் கோப்பையை நீட்டினார்கள். இங்கே இருந்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு மனம் வந்தது.

ஒன்று மட்டும்... கோயிலில் ஓர்கன் வாசிக்கிற மிஸஸ் தோர்சன் என்ற வயதான பெண், விருந்து முடிந்து கோப்பை கழுவும்போது கிளடிஸிடம் ஒரு விசயம் சொன்னாள். காற்றோடு ஸ்னோ அடிக்கிற நாட்களில், பொழுதுபடுகிற நேரம், வீட்டுப் பின்கதவு தட்டுப்படுமாம். அது காற்றுத்தானாம். திறக்கவேண்டாமாம். சொல்லும்போது அவள் கிளடிஸின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் ஒருநாள் தட்டுப்பட்டது.

எட்வேட் வருத்தக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கிளடிஸ் குசினியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தப்... தப்... தப். விரலால் தட்டுகிற சத்தம் இல்லை. விரித்த உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். அதுவும் கதவின் கீழ்ப்பக்கத்தில், முழங்கால் உயரத்தில். றோசலின் வெளியே போய்விட்டாளோ என்று திடுக்கிட்டுத் திரும்பினாள். பிள்ளை மேசைக்குக் கீழே பொம்மையோடு இருந்தது. யன்னலால் பார்த்தால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தட்டுவது நின்றது. பிறகு, பாரமான ஒரு மூட்டையை ஸ்னோவில் இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம். அதோடு ஒரு மணம் கதவு இடுக்கால் வந்தது. சுடுதண்ணீர் ஊற்றிப் பன்றியின் மயிர் வழிக்கிறபோது வருமே... அந்த மணம்.

அடுத்தநாள் காலை எட்வேட் பின்கதவை வெளியில் நின்று பார்த்தார். ஸ்னோவில் ஒரு தடமும் இல்லை. ஆனால் கதவின் கீழ்ப்பாதியில் மட்டும் பெயின்ற் தடித்துப்போய் இருந்தது. எத்தனையோ பேர், எத்தனையோ வருசம், அந்தக் கீழ்ப்பாதிக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்.

அதன்பிறகு ஸ்னோக் காற்று அடித்த நாளெல்லாம் அந்தத் தட்டு வந்தது. எட்வேட்டும் கேட்டார். நேராக மிஸஸ் தோர்சனிடம் போனார். கடைசியில் அவள் சொன்னாள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ஒரு பன்றிப் பண்ணை இருந்தது. பண்ணைக்காரன் பெண்சாதியை அடிப்பவன். அவள் பெயர் ஹெலன். அடி தாங்காமல் இரண்டு தரம் மிஷன் வீட்டுக்கு ஓடிவந்தாள். அப்போதிருந்த போதகர் இரண்டு தரமும் கதவைத் திறந்தார். இரண்டு தரமும் அவன் வந்து சத்தம்போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கோயிலுக்கு அள்ளிக் கொடுக்கிற ஆள்... யாரும் அவனோடு கதைக்கவில்லை. மூன்றாம் தரம் அவள் வந்தது ஒரு ஜனவரி மாதப் பின்னேரம், கடும் ஸ்னோக் காற்றுக்குள். கால் முறிந்திருந்தது. முழங்காலிலும் கையிலும் தவழ்ந்து வந்து பின்கதவைத் தட்டினாள். உள்ளே போதகரும் மனைவியும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த முறை திறக்கவில்லை.

அவன் வந்தான். தலைமயிரில் பிடித்து முற்றத்தால் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனான். அங்கே விறகு கொத்துகிற குற்றி இருந்தது. அதில் அவளுடைய தலையை வைத்துக் கோடாலியைத் திருப்பிப் பிடித்துப் பிடங்கால் அடித்தான். ஸ்னோவுக்குள் வழிதவறி விறைத்துச் செத்துப்போனாள் என்று ஊருக்குச் சொன்னான். ஊருக்கு உண்மை தெரியும், ஆனாலும் தலையாட்டியது. பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள். அவன் அதற்குப் பிறகும் இருபது வருசம் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் முன்வரிசை வாங்கில் வந்திருந்து பாட்டுப் பாடினான்.

எட்வேட் வீட்டுக்கு வந்து இதைக் கிளடிஸிடம் சொன்னார். அன்றிரவு அவளுக்கு நித்திரை இல்லை. யாழ்ப்பாணத்தில், எண்பத்தேழில், ஊரடங்கு நேரம், முன்வீட்டு மனுசன் அவர்களுடைய வேலிப் படலையைத் தட்டியிருக்கிறார். கிளடிஸ் எழும்பிப் போகப் பார்த்தாள். தகப்பன் அவளுடைய கையைப் பிடித்து இருத்திவிட்டார். விடிய, அந்த மனுசன் படலையடியிலேயே செத்துக் கிடந்தார். அதை அவள் எட்வேட்டுக்குக்கூட அதுவரை சொன்னதில்லை.

“ஆராவது ஒருக்காத் திறந்திருந்தா அவ இண்டைக்கும் வந்து தட்டிக்கொண்டு நிக்கமாட்டா,” என்றாள்.

எட்வேட் யோசித்தார். “அடுத்தமுறை ரெண்டு பேருமா நிண்டு ஜெபம் பண்ணித் திறப்பம். நீர் தனியத் திறக்காதையும், கிளடிஸ்.”

அவள் ஓம் என்றாள்.

ஜனவரி கடைசி. மத்தியானத்தில் இருந்தே காற்று. எட்வேட் கோயில் வாசலில் ஸ்னோ அள்ளிக்கொண்டிருந்தார். கிளடிஸ் குசினியில். றோசலின் மேசைக்குக் கீழே. வெளிச்சம் நீலமாகிக்கொண்டு வந்தது...

தப்... தப்.

கிளடிஸ் யன்னலடிக்குப் போய் எட்வேட்டைக் கூப்பிட்டாள். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. தப்... தப்... இந்தமுறை தட்டு வலுவாக இல்லை. களைத்துப்போன கை. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் நேரம் கூடிக்கொண்டே போனது. பிறகு, மூச்சு. ஈரமான மூச்சு, கதவின் அடியில் இருந்து.

அவளால் பொறுக்க முடியவில்லை. திறந்தாள்.

யாரும் இல்லை. ஆனால் ஒரு குளிர் அவளுடைய முழங்காலில் உரசிக்கொண்டு உள்ளே போனது. குசினி நிலத்தில் ஒரு கையின் ஈரம் பதிந்தது. பிறகு மற்றக் கை. பின்னால் இழுபட்ட ஒரு காலின் கோடு. அந்த ஈரம் மேசையைத் தாண்டிச் சாமான் வைக்கிற சின்ன அறைக்குள் போய் நின்றது. கிளடிஸுக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. இனி ஒருவரும் உங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று இங்கிலிசில் சொன்னாள்.

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தத் திரும்பினாள். கதவு அசையவில்லை. பன்றி மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. பின்படியில் சப்பாத்துச் சத்தம்... ஒரு படி... அடுத்த படி... அவசரமில்லாமல், ஆறுதலாக ஏறி வந்தது.

அவளுடைய பின்னலை ஒரு கை சுற்றிப் பிடித்தது.

படியில் வாய் அடிபட்டு இரண்டு பற்கள் போயின. கத்தியதைக் காற்று கொண்டுபோய்விட்டது. கோயில் வாசலில் இருந்து தற்செயலாகத் திரும்பிய எட்வேட் கண்டது இதைத்தான். அவருடைய மனைவி மல்லாக்க ஸ்னோவில் போய்க்கொண்டிருக்கிறாள். தலை முன்னுக்கு, கால்கள் பின்னால் உதைத்துக்கொண்டு... ஒரு மனுசன் நடக்கிற வேகத்தில். பின்னல் கயிறுபோல விறைத்து மேலே நிற்கிறது. அதன் நுனியில் ஒருவரும் இல்லை.

ஓடிவந்தார். ஸ்னோ அள்ளிக்கொண்டிருந்த சவளை ஓங்கி, பின்னலின் நுனிக்குமேல் வெறும் காற்றில் அடித்தார். ஈரச் சாக்கில் அடித்ததுபோலச் சவள் எதிலோ பட்டது. அடுத்த கணம் அது அவர் கையை விட்டுப் பறந்து திரும்பி அவருடைய முகத்திலேயே விழுந்தது. தாடை உடைந்தது. அவர் அப்படியே அவள்மேல் விழுந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரையும் சேர்த்து அது இழுத்தது. வேகம் குறையவே இல்லை.

கோயிலுக்குப் பின்னால் இப்போது குற்றி ஒன்றும் கிடையாது. ஆனால் கிளடிஸின் தலை நிலத்தில் படவில்லை. எதன்மேலோ வைத்து அழுத்தியதுபோல அந்தரத்தில் நின்றது. எட்வேட் தன் கையை அவளுடைய தலைக்குமேல் கொடுத்தார். அடி விழுந்தது. காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். கையை எடுக்கவில்லை. இரண்டாம் அடி. முழங்கைக்குக் கீழே கை தொங்கியது. அதையும் தூக்கி அவளுக்குமேல் போட்டார்.

கிளடிஸ் தன் பின்னலைப் பிடித்திருந்ததைக் கைகளால் தேடிப் பிடித்தாள். மயிர் அடர்ந்த ஒரு மணிக்கட்டு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரிந்தது. அதை வாய்க்கு இழுத்து, மிச்சமிருந்த பல்லால் கடித்தாள். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். வாய் இரத்தத்தால் நிறைந்தது. அதில் பாதி அவளுடையது இல்லை. உப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்த ருசி...

பிடி விட்டது.

நடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கையிலும் முழங்காலிலும் தவழ்ந்து வந்தார்கள். பின்கதவுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. உள்ளுக்கிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தது. றோசலினுக்கு அந்தத் தாழ்ப்பாள் எட்டாது. கிளடிஸ் முழங்காலில் நின்றபடி உள்ளங்கையால் அடித்தாள். தப்... தப்... பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளே யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஒருவரும் திறக்கவில்லை.

எட்வேட்தான் சுவரைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் போனார். அந்த ஊரில் முன்கதவை யாரும் பூட்டுவதில்லை. றோசலின் சாமான் அறையின் மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாயைச் சுற்றி மட்டும் தோல் வெள்ளையாகச் செத்துப்போய் இருந்தது. ஒரு பெரிய ஆளின் உள்ளங்கை... கன்னத்தில் விரல்கள், ஒவ்வொன்றாக எண்ணலாம்.

கடுங்குளிர் பட்டுத் தோல் செத்த விறைப்பு என்று டொக்ரர் சொன்னார். பிள்ளையின் வாயில் ஐஸ் வைத்து அழுத்தியது யார் என்று பொலிஸ் எட்வேட்டைத் தனியாக வைத்துக் கேட்டது. உடைந்த தாடையோடு அவர் என்னத்தைச் சொல்வது. மாசி மாதமே ரொறன்ரோவுக்குத் திரும்பிவிட்டார்கள். அவருடைய வலது கை இன்றைக்கும் தோளுக்குமேல் எழும்பாது. ஆசீர்வாதம் கொடுப்பது இடது கையால்தான். கிளடிஸ் தலைமயிரை ஒட்ட வெட்டிவிட்டாள். பிறகு வளர்க்கவேயில்லை.

றோசலின் மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. சித்திரை அளவில் ஒருநாள் பகல், தாய் குளிக்கவார்த்துக்கொண்டிருக்கும்போது, தானாகச் சொல்லத் தொடங்கினாள். அந்த அன்ரிதான் தன் வாயைப் பொத்தினவவாம். சத்தம் போட்டால் அவன் திரும்பி வந்துவிடுவானாம்.

கிளடிஸ் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். கதவைப் பூட்டியது யார் என்று மெதுவாகக் கேட்டாள்.

“அன்ரி,” என்றாள் பிள்ளை. “நான் அம்மா வெளியில எண்டு சொன்னனான். பரவாயில்லையாம். ஒரு பொம்பிளை கிடைச்சாப் போதுமாம். அவனுக்கு ஆள் வித்தியாசம் தெரியாதாம்.”