ஏடன் கப்பலுக்கு வெள்ளைச் சுக்கு

இந்த ஸ்டேஷன் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை ஐயா. காகிதத்தை நாலா மடிச்சு அண்டை கொடுத்தா ஆடாது. வேணும்னா நானே மடிச்சுத் தாரேன். எங்க உட்கார்ந்தாலும் அங்க எது சரியில்லைன்னு கண்ணு தன்னால போயிரும் எனக்கு. பன்னிரண்டு வருஷம் மேஸ்திரி வேலை பாத்தவன், பாத்துக்கிடுங்க.

சரி, எழுதிக்கிடுங்க. நீங்க பாலக்காட்டுக்காரர், தமிழ்லயே எழுதுவீங்கன்னு சொன்னாங்க. சந்தோஷம். மலையாளத்துல எனக்குச் சாயா கேக்கத் தெரியும், சண்டை போடத் தெரியும், மனசுல உள்ளதைச் சொல்ல வராது. பேர் செல்லதுரை. கொச்சி மட்டாஞ்சேரி பஜார்ல சேட்டோட சுக்குக் கிடங்குல மேஸ்திரி. போன வியாழக்கிழமை புகையறைக்குள்ள சந்தனமாரி செத்துப்போனா. அவ உள்ள இருக்கான்னு எனக்குத் தெரியுமா தெரியாதா, அதுதானே உங்க கேள்வி. சேட்டோட வக்கீல் 'தெரியாது'ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக்கிடச் சொன்னார். பொய் எனக்கு வராது ஐயா. பதினோரு பொம்பளைங்களை வச்சு வேலை வாங்குறவன் பொய் சொன்னா அவங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

முதல்ல சேட்டைப் பத்தி ஒரு வார்த்தை. தங்கமான மனுஷர். தினம் காலையில கிடங்கு வாசல்ல எறும்புக்குச் சர்க்கரை போட்டுட்டுத்தான் உள்ள வருவார். ஒரு எறும்பு காலுக்கடியில நசுங்கிட்டா அன்னைக்குச் சாப்பிட மாட்டார். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "செல்லதுரை, மழைக்கு முந்தி இதுதான் கடைசிக் கப்பல். சனிக்கிழமை ஏடனுக்குக் கிளம்புது. முந்நூறு மூட்டை"ன்னார். நாற்பது நாள் வேலை ஐயா அது. கையில இருந்தது இருபது நாள். ஆள் கூடக் கொடுங்கன்னேன். "ஆள் எதுக்கு, நீ இருக்கியே"ன்னு தோள்ல தட்டினார். என்ன ஒரு மரியாதை பாருங்க.

மத்த கிடங்கு மேஸ்திரிமார் என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். கையில பிரம்பு, வாயில கெட்ட வார்த்தை. நான் அப்படி இல்லை. எல்லாம் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பொம்பளைங்க, பொழைக்க வந்தவங்க. ஒருத்தியைக்கூட நான் 'ஏட்டி'ன்னு கூப்பிட்டதில்லை, வாங்க போங்கதான். அவங்களும் 'அண்ணாச்சி'ன்னு வாய் நிறையக் கூப்பிடுவாங்க. எதையும் அவங்களைக் கேக்காமச் செய்யமாட்டேன். இது ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஓட்டுப் போடுற காலம். ஞாயித்துக்கிழமை லீவு வேண்டாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னேன். தூக்கினாங்க. தூக்காதவங்க பேரை மட்டும் எழுதி வச்சுக்கிட்டேன், பிறகு தனியா உட்கார்ந்து ஆறுதலாப் பேசணும்ல. ரெண்டாவது தடவை கேட்டப்போ பதினோரு கையும் எழும்பிச்சு. யூனியன்காரங்க வந்து வாசல்ல கொடி கட்டிட்டுப் போனாங்க. உள்ள வரலை, சுக்குத் தூசி அவங்களுக்குத் தும்மலாம்.

கடைசி வாரம் திங்கக்கிழமை சந்தனமாரி வந்து நின்னா. ரெண்டு வயசுப் பொம்பளைப் பிள்ளை அவளுக்கு, புருஷன் கிடையாது. "பிள்ளைக்குக் காய்ச்சல் அண்ணாச்சி. ஒரு நா மட்டும் போயிட்டு வாரேன்"னா. நான் முடியாதுன்னு சொல்லலை. அது என்ன நியாயம், ஒரு ஆள் முடிவெடுக்கிறது? எல்லாரையும் கூப்பிட்டு, "சந்தனமாரி போனா அவ பங்கு வேலையை நீங்க பத்துப் பேரும் பிரிச்சுக்கணும். சம்மதம்னா கை தூக்குங்க"ன்னேன். பத்துப் பேரும் தரையைப் பாத்தாங்க. அவ போய் முறத்தை எடுத்துக்கிட்டா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு ஐயா, சத்தியமா.

புகையறை எதுக்குன்னு கேப்பீங்க. ஏடன்காரனுக்குச் சுக்கு வெள்ளையா இருக்கணும். அறைக்குள்ள மூங்கில் தட்டி அடுக்கி, அதுல சுக்கைப் பரப்பி, கதவுப் பக்கம் இரும்புச் சட்டியில கந்தகத்தைப் பத்த வச்சுட்டு வெளிய வந்து தாழ் போடணும். இடுக்கெல்லாம் ஈரச் சாக்கை அடைச்சு மறுநாள் காலையிலதான் திறக்கணும். நடுவுல திறந்தா போச்சு, புகை வெளியேறி சுக்கு திட்டுத் திட்டா மஞ்சளடிச்சிரும். மறுபடி நனைச்சு, காய வச்சு, புகை போட மூணு நாள் ஆகும்.

அங்க ஒரு வழக்கம் உண்டு, எனக்கு முந்தியே உள்ளது. கதவுக்கு வெளிய பதினோரு ஆணி. உள்ள போறவ தோளில கிடக்கிற தோர்த்துத் துண்டை ஆணியில மாட்டிட்டுப் போவா, வரும்போது எடுத்துக்கிடுவா. ஆணி எல்லாம் காலியா இருந்தாத்தான் தாழ் போடுறது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு கப்பல் ஏஜெண்டோட ஆள் வந்து வாசல்ல நின்னுக்கிட்டு வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தான். அந்த அவசரத்துல நான் ஆணியைப் பாக்கலை. அது என் தப்புதான், மறைக்கலை. பத்த வச்சேன், சாத்தினேன், சாக்கு அடைச்சேன், அவனை அனுப்பிட்டுத் திரும்பினேன். மூணாவது ஆணியில பச்சைக்கரைத் தோர்த்து தொங்குது. சந்தனமாரியோடது. கடைசித் தட்டிக்குப் பின்னால சுக்கை நிரத்திப் பரப்பப் போனவ அப்படியே சாய்ஞ்சு தூங்கிட்டா போல. பத்தொம்பது நாளா ஒழுங்காத் தூங்காத உடம்பு ஐயா, குறை சொல்ல முடியாது.

இப்போ நீங்க என் இடத்துல நின்னு யோசிங்க. திறந்தா முந்நூறு மூட்டையில தொண்ணூறு மூட்டை பாழ். பத்துப் பொம்பளைங்க இன்னும் மூணு நாள் ராப்பகலா முதுகு ஒடியணும். கப்பலும் போயிரும், சேட்டு அவங்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் விட்டுருவேன்னு அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நான் வாக்கு மாறினதே கிடையாது. தலைவன்னா எல்லாருக்கும் பொதுவா நினைக்கணும் ஐயா, ஒருத்தியை மட்டும் பாத்தா எப்படி?

தோர்த்தை எடுத்து மடிச்சு என் பெட்டிக்குள்ள வச்சேன். அதைப் பாத்தா பாவம், மத்தவங்களுக்கு வேலை ஓடாது. அவளை எங்கன்னு கேட்டாங்க. "பிள்ளைக்குக் காய்ச்சல்ல, நானே வீட்டுக்கு அனுப்பிட்டேன்"னேன். அங்கம்மாள்னு மூத்தவ ஒருத்தி, அவ கையெடுத்துக் கும்பிட்டா. "மனசு வச்சிட்டிய அண்ணாச்சி. நீங்க நல்லா இருப்பிய. சந்தனமாரி கொடுத்து வச்சவ"ன்னா. எல்லார் முகத்துலயும் ஒரு சிரிப்பு. அந்த இருபது நாள்ல அவங்க சிரிச்சது அப்பத்தான்.

அப்போதான் புகையறைக் கதவுல முதல் தட்டு கேட்டுச்சு, லேசா. அவங்களுக்குக் கேக்கலை. உடனே எல்லாரையும் முக்குச் சாயாக்கடைக்கு அனுப்பினேன். "போயி நிதானமா உட்கார்ந்து சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டு வாங்க, அரை மணி நேரம் யாரும் வரவேண்டாம், என் செலவு"ன்னேன். பிள்ளைங்க மாதிரி ஓடினாங்க. நான் முக்காலியை இழுத்துப் போட்டு கதவுக்கு முன்னால உட்கார்ந்துக்கிட்டேன். அவளைத் தனியா விட மனசு வரலை.

'அண்ணாச்சி'ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டா. அப்புறம் இருமல். பிள்ளை பேரைச் சொன்னா, அது எனக்குச் சரியாப் புரியலை. நான் பதில் பேசலை. பேசினா அவளுக்கு வீணா நம்பிக்கை கொடுத்த மாதிரி ஆயிரும், அது தப்பு.

மறுநாள் காலையில திறந்தப்போ சுக்கு நல்ல வெள்ளை ஐயா, நீங்களே போய்ப் பாக்கலாம்னா முடியாது, சனிக்கிழமை கப்பல் ஏறிருச்சு. பொம்பளைங்க இப்போ என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கிறாங்க. அந்தப் பிள்ளையை அங்கம்மாள் வச்சிருக்கா. செஞ்ச நன்மையெல்லாம் சனங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் மறந்துபோகுது.

ஆமா, தெரியும். அவ உள்ள இருந்தது தெரியும், உயிரோட இருந்ததும் தெரியும். தெரிஞ்சுதான் தாழைத் தொடாம உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுதுங்க. எத்தனை தடவை தட்டினான்னும் எழுதிக்கிடுங்க, பதினேழு. என்னைக் கல்நெஞ்சக்காரன்னு மட்டும் எழுதிராதீங்க ஐயா. இருபது தட்டு வரைக்கும் பாப்போம், அதுக்கப்புறம் கப்பல் போனாப் போகட்டும், திறந்துருவோம்னுதான் எண்ணிக்கிட்டு இருந்தேன். பதினேழோட அவளாத்தான் நிறுத்திட்டா.