நாற்பத்தொரு கதைகளின் லேபிள்

எங்கள் வீட்டில் உப்பு டப்பாவிலும் ‘உப்பு’ என்று லேபிள் இருக்கும். ஒட்டியது நான்தான். பகலில் மருந்துக்கடையில் வேலை. ஓய்வு நேரத்தில், டிவி தொடர்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் கதை எழுதும் உங்கள் தளத்தில் சம்பளமில்லாத சேவை. எந்தக் கதையில் யாருக்கும் யாருக்கும் காதல், எதில் வெறும் நட்பு என்று லேபிள் போடுவேன். இருபது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ற தைரியம்.

நாற்பத்தொரு கதைகளின் லேபிளை ஏன் மாற்றினாய் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

கப்பலில் நடக்கும் ஒரு டிவி தொடரின் டாக்டரம்மாவையும் சமையல்காரனையும் ஜோடி சேர்த்து எழுதியது உலகத்திலேயே ஒரே ஆள், என் மனைவி. அந்த நாற்பத்தொன்றும் அவளுடையவை. பெயர் போடாமல் எழுதுவாள். லேபிள் போடுவதை என்னிடம் விட்டுவிடுவாள். அந்த ஜோடியைத் தேடி வந்து படித்ததும் ஒரே ஆள்தான், புனைபெயர் ‘நங்கூரம்’. ஒவ்வொரு கதைக்கும் கீழே பத்து வரி கருத்து எழுதும். அதைப் படித்துவிட்டு மனைவி தனியாகச் சிரிப்பாள். நான் ஜோக் சொன்னால் ‘ம்’ என்பாள். எனக்கு வயிறெரிந்தது. கடை நிறைய மருந்து இருந்தும் அதற்கொன்று எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்தபடியே அத்தனையையும் ‘காதல்’ பட்டியலிலிருந்து ‘நட்பு’க்கு மாற்றினேன். பத்து நிமிட வேலை. ‘காதல்’ பட்டியலில் தேடிய நங்கூரத்துக்கு அதன்பின் ஒரு கதையும் அகப்படவில்லை.

"ஏங்க, இப்பல்லாம் யாருமே படிக்கறதில்லையே. நல்லா இல்லையோ?" என்று மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் போரடிக்குது போல" என்றேன்.

எழுதுவதை விட்டுவிட்டாள்.

பிறகு நங்கூரம் சேவைக் குழுவுக்கு ஒரு கடிதம் போட்டது. அது என் கைக்குத்தான் வந்தது. "அந்த அக்கா நல்லா இருக்காங்களா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அவங்க கதையத்தான் படிச்சிட்டிருந்தேன். நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

‘அக்கா’ என்ற சொல்லைப் பார்த்ததும் தனியாக உட்கார்ந்து அசடு வழிந்தேன். இருந்தாலும் ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை நான். ‘எழுத்தாளர் உங்கள் கருத்துகளை விரும்பவில்லை’ என்று தளத்தின் பெயரில் மரியாதையாகப் பதில் அனுப்பினேன்.

இப்போது மனைவி சாயங்காலங்களில் என் எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறாள். எழுதுவதில்லை, சிரிப்பதில்லை, என்னிடம் ஒன்றும் கேட்பதுமில்லை. லேபிளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இத்தனை வருடத்தில் இப்போதுதான் நாங்கள் ஒருவருக்கொருவர் நேரம் ஒதுக்குகிறோம்.