ரேடியோவில் வாயசைத்தவள்

“ரேடியோவுல நான் வாயை மட்டுந்தேன் அசைச்சேன்” என்றாள் முன் சீட்டுப் பெண். 1965ஆம் வருஷ வாக்கில், திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு பஸ் கிளம்பக் காத்திருந்த நேரம். நான் பேப்பரை மடக்கிவிட்டேன். அதில் இதைவிட நல்ல செய்தி இல்லை.

பக்கத்தில் இருந்தவள் அன்றுதான் பழக்கமானவள். “ரேடியோவுல எதுக்குக்கா வாயசைக்கணும்? யாரு பாக்கப்போறா?”

“பள்ளிக்கூடத்துல பத்துப் பிள்ளைக பேரை ரேடியோ ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்பிட்டாங்க. அங்க போயி ஒத்திகை பாக்கையில எங்குரல் மட்டும் சேரலை. சத்தமில்லாம வாயை மட்டும் அசைன்னுட்டாங்க பாட்டு டீச்சர்.”

“ஞாயித்துக்கிழமை சிறுவர் நிகழ்ச்சிதான? சேவுகம்பட்டியில நாங்க பஞ்சாயத்து ரேடியோ முன்னால மண்ணுல உக்காந்து கேப்போம். பாடுற பிள்ளைக என்ன கலர்ல பாவாடை கட்டியிருக்கும்னு எங்களுக்குள்ள சண்டையே வரும்க்கா.”

“பச்சை. அதுக்குன்னே எங்கம்மா தச்சது.”

“பச்சையா! நான் மஞ்சள்னுல்ல சொன்னேன். அம்மாவும் பாட்டைக் கேட்டாகளா?”

“ஊரே கேட்டுச்சு. எம்மக குரல் தனியாத் தெரியுதுன்னு எங்கம்மா அழுதுருச்சாம். இம்புட்டு வருசமாச்சு, நான் இன்னும் உண்மையைச் சொல்லலை.”

அப்போது கையில் பூப்பொட்டலத்தோடு ஓர் அம்மாள் ஏறி வந்தார். “செத்த தள்ளிக்க, தாயி” என்று முன் சீட்டுப் பெண்ணருகில் உட்கார்ந்து, அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தார்.

“எம்மக ரேடியோவுல பாடுனவ, தெரியுமா?”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தெரியாம என்னம்மா? எங்க ஊர்ல நானும் கேட்டேன்” என்றாள் அந்தப் பெண். “அக்கா குரல் தனியாத் தெரிஞ்சுச்சு.”