ராடெக் இன்னும் இறங்கவில்லை

"ஹலோ… ஹலோ, ஷார்க்கா? அம்மாதான்டி. உங்கப்பா இறங்க மாட்டேங்குறாரு… எதுல இருந்தா? லிஃப்ட்ல இருந்து!… இல்லடி, நிக்கல. நின்னாத்தான் இறங்கிடுவாரே. இது கதவில்லாத லிஃப்ட்… ஆமா, ஆமா, அந்தப் பழைய மாதிரி. ஒரு பக்கம் பெட்டி பெட்டியா மேல போகுது, இன்னொரு பக்கம் கீழ வருது. ஓடும்போதே ஏறணும், ஓடும்போதே இறங்கணும்… ஏறிட்டாரு. ஏறினதுதான் தப்பு."

யர்மிலா ஈரக் குடையோடு தரைத்தளத்தில் நின்றிருந்தாள். ஓஸ்ட்ராவா ஊரிலிருந்து பிராக் நகரைச் சுற்றிப் பார்க்க வந்த மூன்றாம் நாள். மழைக்கு ஒதுங்கிய கட்டடம் இது.

"இரு, வர்றாரு… ஷூ தெரியுது… ராடெக்! இறங்குய்யா! கால எடுத்து வை! இப்ப… இப்ப… ஐயோ, போயிட்டாரு. கீழ போயி அந்தப் பக்கமா மறுபடி மேல போவாரு… இல்ல, பெட்டி கவுறாது. நானும் அப்படித்தான் பயந்தேன். தலைகீழா வருவாருன்னு பாத்தா, தொப்பி கூட நகராம வர்றாரு… சிரிக்காதடி."

அவளுக்கும் சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை.

"காவலாளி அறையைப் பூட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. நிறுத்துற பொத்தான் உள்ள இருக்கு, நான் வெளிய இருக்கேன்… உடைக்கிறதா? குடையால குத்திப் பாத்துட்டேன். கம்பி வச்ச கண்ணாடி… ஆளுங்ககிட்ட உதவி கேட்டேனே! ஒரு மொட்டைத் தலையர் கை நீட்டினாரு. உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'வேணாங்க, சும்மா சுத்திப் பாக்குறேன்'னு. எதைப் பாக்குறாரு, சுவத்தையா?… அதான் எனக்கும் புரியல. நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்தப்ப, ஓடுற கூண்டுல குதிச்சு ஏறி இறங்கின மனுசன். என்னைக் கேலி பண்ணிட்டுத்தான் ஏறுனாரு, 'நீ கீழயே நில்லு, பயந்தாங்கொள்ளி'ன்னு… என்னது?… எந்த மாத்திரை?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஷார்க்கா. எந்த மாத்திரை?… அது ரத்த அழுத்தத்துக்குன்னுல்ல சொன்னாரு… ம்… ம்… பார்க்கின்சனா? கை நடுங்கும், அதானே? காபி சிந்துனப்ப வயசாச்சுன்னு திட்டினேன்… காலுமா?… வாசப்படியில வந்தா தரையோட ஒட்டிக்குமா? அவரா நெனச்சாலும் எடுக்க வராதா?… ஏறும்போது வந்துச்சே… ஓ, சில நேரந்தானா?… எப்ப இருந்து?… போன குளிர்காலத்துல இருந்தேவா! உனக்குத் தெரியும். உன் புருஷனுக்கும் தெரியும். எனக்கு மட்டும்… இல்ல, கத்தல. கத்தலடி."

அவள் மேலே போகும் பக்கத்தைப் பார்த்தாள். தொப்பி தரைக்கு மேலே எழுந்தது, முகம் வந்தது, கோட்டு வந்தது, போனது.

"ஏன்டி… அப்ப அந்தக் கடிகாரம்?… மொத நாள் சதுக்கத்துல பாத்தோம். மணி அடிச்சு, பொம்மையெல்லாம் உள்ள போயி, கூட்டமும் கலைஞ்சுபோச்சு. உங்கப்பா மட்டும் நகரல. 'இன்னொரு தரம் பாத்துட்டுப் போலாம்'னாரு. அடுத்த மணி வரைக்கும் குளிர்ல நின்னோம். பாலத்துல ஒரு சிலையைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தையே பாத்துட்டு நின்னாரு. டிராம் வந்து வந்து போகுது, 'இது வேணாம், பழைய டிராமா வரட்டும்'ங்குறாரு… இல்ல, நீ கேளு. கல்யாணமான நாள்ல இருந்து இந்த ஆளு எதையும் இப்படி ரசிச்சு நான் பாத்ததில்ல. அவ்வளவு சந்தோஷமா இருந்தேன். எதிர்வீட்டு லிபுஷேவுக்குப் போன் போட்டுப் பீத்திக்கிட்டேன்… அழல. மழையில மூக்கு ஒழுகுது."

மேலே எங்கோ யாரோ குதித்து இறங்கிய சத்தம். அவர் இல்லை, யாரோ பெண்ணின் குதிகால் செருப்புச் சத்தம்.

"இப்பப் போனப்ப என்னைப் பாக்கல. முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. நான் யார்கிட்டப் பேசுறேன்னு தெரிஞ்சிருக்கும்… சொல்லு… பக்கத்துல ஒருத்தர் கையைப் பிடிச்சு, ஒண்ணு ரெண்டுன்னு தாளம் போட்டா கால் வருமா? நிச்சயமாவா?… 'வரலாம்'னா என்னடி அர்த்தம்?… நானா? எனக்கு இதைப் பாத்தாலே தலை சுத்துது. ஏறி நானும் மாட்டிக்கிட்டா யாரு யாரை இறக்குறது?… சரி. ரெண்டு பேரு நிக்கலாம்னுதான் எழுதியிருக்கு… சரி, சரின்னேன்ல. ஷூ வருது. ராடெக், தள்ளி நில்லு! எனக்கு இடம் விடுய்யா!"

குடையைத் தரையில் போட்டுவிட்டுக் காலை வைத்தாள். பெட்டி ஆடியது.

"ஏறிட்டேன்… தெரியும்யா. எல்லாம் சொல்லிட்டா. பேசாத, கையைக் குடு… உன்கிட்ட இல்ல ஷார்க்கா, அப்பாகிட்ட. ஐயையோ, தரை மேல போயிருச்சு. கீழ போறோம்டி. இருட்டா இருக்கு, சக்கரம் என்னமோ அரைக்குது… ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம். அடுத்த தரம் ரெண்டு பேரும் சேர்ந்து… ஹலோ? ஷார்க்கா? ஹலோ?"

தொடர்பு அறுந்துவிட்டது. போனை அவள் காதிலிருந்து எடுக்கவில்லை. பையைத் திறந்து உள்ளே வைக்க மறு கை வேண்டும், அந்தக் கையை அவர் விடவில்லை. பெட்டி இருட்டில் பக்கவாட்டாக நகர்ந்து, மேலே ஏறத் தொடங்கியது.