வீட்டைத் துற

— கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க சார்! இது உங்க கையெழுத்துதானா இல்லையா?

— அடடா, அச்சகத்துல புரூஃப் பார்க்கிறவனாச்சே நீ! இதை எங்கேய்யா புடிச்ச? என் துப்பறியும் நாவலோட கையெழுத்துப் பிரதி! என் கையெழுத்தேதான்!

— அச்சகத்துப் பரண்ல, பாத்துக்குங்க. மூணு மாசம் தூசியில புரண்டேன். இருபத்தேழாம் பக்கம். வீட்டுத் தரகர் காவல்காரன்கிட்ட என்ன சொல்றார்? வாய்விட்டுப் படிங்க.

— ‘வீட்டைத் திற, வெளிச்சம் வரட்டும்.’ என்னது, திறவா?

— திறதான்! புத்தகத்துல எப்படி வந்துச்சு?

— ‘வீட்டைத் துற, வெளிச்சம் வரட்டும்.’ யோவ், இந்த மண்டபத்துச் சுவரெல்லாம் அதைத்தானே எழுதி வச்சிருக்கு! நாப்பதாயிரம் பேர் அதைச் சொல்லிக்கிட்டுத்தானே வீட்டை விட்டு என் பின்னாடி வந்தாங்க!

— ஒரே ஒரு எழுத்துப்பிழை சார். கம்ப்யூட்டர்ல ‘இ’க்கும் ‘உ’க்கும் கீ பக்கத்துப் பக்கத்துல. தட்டினது என் பொண்ணு. விரல் வழுக்கிடுச்சு. புரூஃப் பார்க்க உக்காந்து அதைக் கோட்டை விட்டவன் நான்.

— அட கடவுளே! அந்த வரியை எழுதின ஞாபகமே எனக்கு இல்லையேன்னு எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா? நூறு கொலைக் கதை எழுதின கைக்கு இப்படி ஒரு வாக்கியமா, மேலேருந்து இறங்கின அருள்னு நானே நம்பிட்டேன்யா! முதல்ல ஒரு வாசகன் பெட்டியோட வந்து வாசல்ல நின்னான். மறுநாள் ஒன்பது பேர். என் பொண்டாட்டி மட்டும் வீட்டைத் துறக்கல. என்னைத் துறந்துட்டா!

— சிரிக்காதீங்க சார். வந்தவங்கள்ல என் பொண்ணும் ஒருத்தி. தான் தட்டின தப்பைத் தானே நம்பி எட்டு வருஷமா இங்கே கிடக்கா. இப்பவே மேடையேறி அச்சுப்பிழைன்னு சொல்லிடுங்க. நான் அவளைக் கூட்டிட்டுப் போயிடறேன்.

— சொல்றேன்யா! ஏன் சொல்ல மாட்டேன்? வாசல்ல பெத்தவங்க குடும்பம் கெடுத்தவன்னு கத்துறாங்க. பத்திரிகைக்காரங்க கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. போதும்டா சாமி! சொல்லிட்டு இன்னைக்கே ஒரு புதுக் கொலையை ஆரம்பிக்கிறேன். கை பரபரங்குது!

— ஐயா, கூட்டம் நிரம்பிடுச்சு, மைக் தயாரா... அப்பா! நீங்க எப்படி உள்ளே வந்தீங்க?

— வா கண்ணு, வா! மூட்டையைக் கட்டு! இங்கே பாரு, திற! துற இல்ல, பாத்துக்கோ! எல்லாம் உன் விரல் வழுக்கினதுல வந்த வினை!

— வழுக்கலப்பா.

— என்னது?

— தெரிஞ்சேதான் தட்டினேன்.

— அடிப்பாவி! என் கதையில நீ ஏம்மா கை வச்ச?

— மன்னிச்சிடுங்க ஐயா. உங்களுக்கோ ஊருக்கோ எழுதினதில்ல அது. அப்பாகிட்ட எதையும் நேர்ல சொல்ல முடியாது. வாயைத் திறந்தாலே பாதியில திருத்திடுவார். ஆனா அச்சுல ஒரு புள்ளி தப்பினாலும் வீட்டுக்கு வந்து என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். அப்படியாவது கேட்கட்டும்னு நினைச்சேன்.

— நான்... அன்னைக்கு ரொம்ப அவசரம்மா. அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்.

— தெரியும்பா. புத்தகம் வந்து ஒரு மாசம் காத்திருந்துட்டுத்தான் கிளம்பினேன். போறேன்னு உங்களுக்குத்தான்பா எழுதினேன். நாப்பதாயிரம் பேர் படிச்சாங்க, நீங்க மட்டும்தான் படிக்கல.