மூலையில் நான்கு முள்ளங்கி

முள்ளங்கி நான்கே நாளில் முளைத்துவிடும், சார். எங்கள் தொழிலில் அதற்குத் தனி மரியாதை.

புகையிலை விதை தூசி மாதிரி இருக்கும். களை முந்திக்கொண்டால் நாற்று தலையெடுக்காது. அதனால் விதைப்பதற்கு முன்பே, கூடாரத்துக்குள் இருக்கும் பாத்தி மண்ணில் மருந்தை ஊற்றி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவைப்போம். அதன் ஆவியில் களை விதையெல்லாம் செத்துவிடும். பிறகு விரிப்பை எடுத்து, ஆறவிட்டு, ஒரு மூலையில் நாலு முள்ளங்கி விதை போட்டுப் பார்ப்போம். முளைத்தால் மண் சுத்தம். முளைக்காவிட்டால் விஷ ஆவி இன்னும் மண்ணில் இருக்கிறது, யாரும் பாத்தியைக் கிளறக் கூடாது.

இருபத்திரண்டு வருஷம் அந்த மருந்தை ஊற்றியவன் நான். தம்பியைக் கிட்டவே விட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இளைப்பு. அவனைக் காப்பாற்றப் போய் என் மூக்கு போயிற்று. இப்போது எனக்குச் சோப்பும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

போன மாதம் கம்பெனி அதிகாரி வந்து, நாற்றங்காலுக்கு இனி ஒருவர்தான் பொறுப்பு என்றார். நான் பக்கத்தில் நிற்கும்போதே தம்பி சொன்னான்: "அண்ணனுக்கு மூக்கு செத்துப்போச்சு சார். இனிமே மருந்து வேலைக்கு ஆகாது. நான் பாத்துக்கறேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் யாருக்காகச் செத்த மூக்கு அது? என் வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

இந்த முறை அவனே மருந்து ஊற்றினான். முள்ளங்கி விதையும் அவனே போட்டான். நான்காம் நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. என் வீட்டு ஜன்னல் தொட்டியில் சில முள்ளங்கிகள் முளைத்திருந்தன. நான்கை மண்ணோடு பெயர்த்து அந்த மூலையில் நட்டேன்.

தம்பி வந்து பார்த்துச் சிரித்தான். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு குத்தவைத்தவன், இரண்டு கொத்து கொத்தியதும் நிமிர்ந்தான்.

"அண்ணே, ஏதோ வாடை வருதே?"

"முள்ளங்கியப் பாருடா."

பார்த்தான். குனிந்து கிளறத் தொடங்கினான். என் பேச்சை அவன் தட்டவே மாட்டான்.

தூவ வைத்திருந்த புகையிலை விதை காற்றில் பறந்துவிடுமே என்று வெளியே வந்து கூடாரக் கதவைச் சாத்தினேன். உள்ளே இருமல் கேட்டது. அவனுக்குத்தான் சின்ன வயதிலிருந்தே இளைப்பாயிற்றே.

வாடை வந்திருக்குமே என்று கேட்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரியும், சார்? மூக்கு செத்துப்போனவன் என்று அவன்தானே சொன்னான்.